1,200 டாலர் இருமல்: உகாண்டா ரெக்கி டைரி

திரும்பி வந்து மூன்று நாளாகிறது, சளி இன்னும் முழுசாக இறங்கவில்லை. போனில் அங்கங்கே கிறுக்கி வைத்ததை நாள்வாரியாகப் போடுகிறேன். போன காரியம் இதுதான்: மலைக் கொரில்லாவைப் பற்றி ஒரு ஆவணப்படம், ஷூட்டிங் வரும் ஜனவரியில். அதற்கு முன்னால் இடம் பார்க்க, அதாவது ரெக்கிக்கு, நானும் ஒலிப்பதிவு செய்கிற தம்பியும் மட்டும் உகாண்டா போனோம். நான் கேமரா. டைரக்டர் சென்னையில் இருந்துகொண்டு வாட்ஸாப்பில் கூட வந்தார்.

ஏன் உகாண்டா என்று எல்லாரும் கேட்கிறார்கள். மலைக் கொரில்லா உலகத்திலேயே இரண்டு இடத்தில்தான் இருக்கிறது. ருவாண்டா, காங்கோ, உகாண்டா மூன்றும் முட்டிக்கொள்ளும் விருங்கா எரிமலைத் தொடர் ஒன்று, உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் இருக்கிற பிவிண்டி காடு இன்னொன்று. 2019-இல் அறிவித்த கணக்குப்படி இரண்டிலும் சேர்த்து 1,063. ஒரு மணி நேரம் பார்க்க ருவாண்டாவில் தலைக்கு 1,500 டாலர், உகாண்டாவில் 800. தயாரிப்பாளர் எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 14, 2025, சனி. என்டபே

உகாண்டாவின் விமான நிலையம் இந்த ஊரில்தான். விமானத்தில் மூன்று பெட்டி போட்டோம், இரண்டுதான் வந்தது. வராதது டிரைபாட் பெட்டி. "நாளைக்கு வந்துவிடும்" என்று சிரித்துக்கொண்டே சொன்ன பெண்ணிடம் கோபப்படவும் முடியவில்லை. (அது நாங்கள் ஊர் திரும்பும் நாளில்தான் வந்தது.) ட்ரோனை நல்லவேளையாகச் சென்னையிலேயே விட்டுவிட்டோம், ராணுவ அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று முன்னால் போய்வந்தவர் எச்சரித்திருந்தார். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் அரை நாள் காத்திருந்து போட்ட மஞ்சள் காய்ச்சல் ஊசியின் அட்டையை இங்கே ஒரு நொடி பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் என்றதும் வேர்த்துக் கொட்டும் என்று நினைத்திருந்தேன். விக்டோரியா ஏரியே 1,100 மீட்டருக்கு மேல் இருக்கிறதாம், அதனால் மாலைக் காற்று ஏற்காடு மாதிரி. தெருவில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஆள் இடுப்பு உயரத்துக்கு வழுக்கைத் தலையோடு மராபு நாரைகள் நிற்கின்றன, கடன்காரனைத் தேடி வந்தவர் போல ஒரு முகம். யாரும் கண்டுகொள்ளவில்லை, நான் மட்டும் அரை மணி நேரம் அவற்றையே எடுத்துக்கொண்டிருந்தேன்.

இரவு ஏரி மீன். திலேப்பியாவை முழுசாகக் கீறிப் பொரித்து உருளைக்கிழங்கு சிப்ஸோடு வைக்கிறார்கள், 35,000 ஷில்லிங். தலை சுற்ற வேண்டாம், நம் ஒரு ரூபாய்க்குச் சுமார் 42 ஷில்லிங், ஆக 830 ரூபாய் சொச்சம். எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டதில் காசு வலிக்கவில்லை. அறையில் ஏசி 18-இல் நின்றுகொண்டது, ரிமோட்டைத் தட்டிப் பார்த்தும் ஏறவில்லை. போர்வை மெல்லிசு. விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் வழிநெடுகத் தும்மிக்கொண்டே வந்ததும் உண்டு. பழியை யார் மேல் போடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஜூன் 15, ஞாயிறு. என்டபேயிலிருந்து புஹோமா

காலை 6 மணிக்குக் கிளம்பி, பிவிண்டி காட்டோரம் இருக்கிற புஹோமாவுக்கு மாலை 6 மணிக்குச் சேர்ந்தோம். டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும், அளந்துதான் பேசுவார். வண்டி ஹம்ப்ஸில் ஏறி என் தலை மேலே இடித்தபோது "சாரி சார்" என்றார். தண்ணீர் பாட்டில் என் கையிலிருந்து நழுவியது, அதற்கும் "சாரி". முதலில் கிண்டல் செய்கிறாரோ என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, இங்கே எல்லாருமே அப்படித்தான், நமக்கு ஏதாவது கஷ்டம் என்றால் அவர்கள் காரணமாக இல்லாவிட்டாலும் சாரி சொல்கிறார்கள். நாம் "அடடா", "பார்த்துப் போங்க" என்போமே, அது.

கயாப்வேயில் ரோட்டோரம் பூமத்திய ரேகை. வெள்ளை வளையத்துக்குள் நின்று போட்டோ எடுக்கலாம். பக்கத்தில் ஒருவர் மூன்று பேசின்களில் தண்ணீர் ஊற்றி, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு திசையில், அந்தப் பக்கம் எதிர்த் திசையில், நடுவில் நேராக இறங்குகிறது என்று செய்து காட்டுகிறார். பேசின் அளவு தண்ணீரில் பூமியின் சுழற்சி ஒன்றும் செய்யாது, அவர் ஊற்றுகிற விதத்தில்தான் வித்தை. ஆனாலும் காசு கொடுத்தேன், கை அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது.

லுகாயாவில் வண்டி வேகம் குறைந்ததும் நீலக் கோட்டு போட்ட இளைஞர்கள் இருபது பேர் ஜன்னலுக்கு ஓடி வந்தார்கள். கையில் குச்சியில் குத்திய கோழிக்கால், ஈரல், சுட்ட வாழைப்பழம். அந்த வாழைக்கு கோன்ஜா என்று பெயர், நேந்திரம் மாதிரி இருக்கிறது, தணலில் வாட்டியதில் ஓரம் கருகி உள்ளே தேன். ஆயிரம் ஷில்லிங். இதற்காகவே ஜனவரியில் அந்த ஊரில் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

ம்பராராவில் மதியச் சாப்பாடு. மட்டோகே என்பது பச்சை வாழைக்காயை இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்து மசித்தது, மேலே நிலக்கடலைக் குழம்பு. உப்பு, புளி, காரம் எதுவும் தூக்கலாக இல்லை. தம்பி ஊரிலிருந்து கொண்டு வந்த பருப்புப் பொடியை மெல்ல வெளியே எடுத்தான், டிரைவர் ஒரு சிட்டிகை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்தார். போஷோ என்று சோள மாவில் வெள்ளைக் களி ஒன்று, அது நமக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. வெளியே மேய்கிற அங்கோலே மாடுகளின் கொம்பைப் பார்த்து ஐந்து நிமிஷம் சாப்பாட்டையே மறந்துவிட்டேன், நம் காங்கேயம் காளை கொம்பெல்லாம் அதற்குப் பக்கத்தில் குழந்தை.

அதற்கப்புறம் தார் முடிந்து செம்மண். கடைசி இரண்டு மணி நேரம் எலும்பு எண்ணிக்கொண்டே போனோம். புஹோமாவில் இறங்கும்போது தொண்டையில் ஒரு கரகரப்பு. தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 16, திங்கள். புஹோமா

காலையில் எழுந்து பால்கனிக் கதவைத் திறந்தால் எதிரே சுவர் மாதிரி காடு. மூடுபனி அதன் மேல் பாதி வரைக்கும். இதை எப்படி எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தவன் தும்மினேன். மூன்று முறை.

காலை உணவு ரோலெக்ஸ். கைக்கடிகாரம் இல்லை, ரோல்டு எக்ஸ் என்பது மருவி அப்படியானது. முட்டையில் முட்டைக்கோஸ், தக்காளி, வெங்காயம் போட்டு ஆம்லெட் ஊற்றி, அதைச் சப்பாத்தியில் வைத்துச் சுருட்டித் தருகிறார்கள், 3,000 ஷில்லிங். சப்பாத்தி இங்கே இந்தியர்களோடு வந்தது. இப்போது அது முழுக்க உகாண்டாக்காரர்களுடையது, நம் ஊர் பரோட்டா மாஸ்டர் போலவே ஒரு பையன் மாவைத் தட்டி வீசுகிறான். என்னை "முயிண்டி" என்று கூப்பிட்டான், இந்தியன் என்று அர்த்தம். "அகாண்டி" என்றால் எப்படி இருக்கிறீர்கள், பதிலுக்கு "நிமாருங்கி" என்று சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். அன்றைக்கு முழுவதும் நான் நிமாருங்கியாக இல்லை.

பத்து மணிக்கு எங்கள் பயண ஏஜென்டின் ஆள் வந்தார். படப்பிடிப்பு அனுமதியெல்லாம் சேர்த்துத்தான் பணம் என்று இரண்டு மாதமாக மெயிலில் சொன்னவர்கள், இப்போது கையில் தந்தது சாதாரண சுற்றுலாப் பயணி பெர்மிட், 17-ஆம் தேதிக்கு இரண்டு, 19-ஆம் தேதிக்கு இரண்டு. தொழில்முறைப் படப்பிடிப்புக்குத் தனி அனுமதி, தனிக் கட்டணம், அதற்குத் தனியாக நாள் ஆகும். "அடுத்த முறை செய்துவிடலாம்" என்றார். அடுத்த முறை வேறு ஏஜென்ட் என்பதை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ரெக்கிதானே, சின்ன மிரர்லெஸ் கேமரா போதும், பெரிய பெட்டி லாட்ஜிலேயே தூங்கட்டும் என்று சமாதானம் ஆனோம். மற்ற சாமானில் ஏழு கிலோ குறைத்து, 600 மில்லிமீட்டர் லென்ஸை நான் தூக்கி வந்திருந்தேன். கொரில்லாவுக்கும் நமக்கும் நடுவே பத்து மீட்டர் இருக்க வேண்டும் என்பதுதான் விதி, பத்து மீட்டரில் 600 வைத்தால் மூக்குத் துவாரம்தான் தெரியும். இதை ஊரிலேயே யோசித்திருக்கலாம்.

இரவு இஞ்சி போட்ட பால் டீ, இங்கே ஆப்பிரிக்கன் டீ என்கிறார்கள். நான்கு கப். ஒரு பாராசிட்டமால்.

ஜூன் 17, செவ்வாய். வாசலோடு சரி

7:30-க்கு ரேஞ்சர் நிலையம். பெண்கள் பாட்டுப் பாடி ஆடினார்கள், பிறகு எட்டு எட்டுப் பேராகப் பிரித்தார்கள். ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். எங்கள் ரேஞ்சர் விதிகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஃப்ளாஷ் கூடாது. மாஸ்க் கட்டாயம். கொரில்லா ஓடி வந்தால் நீங்கள் ஓடக்கூடாது. யாருக்காவது சளி, இருமல், காய்ச்சல் உண்டா?

யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. மாஸ்க்குக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருமலை அடக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அடங்காது, கண்ணில் நீராக வந்து கடைசியில் இரட்டிப்பாக வெடிக்கும். வெடித்தது. மற்ற ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ரேஞ்சர் கோபப்படவில்லை. தள்ளிக் கூட்டிப் போய், "சாரி, சார்" என்றார், அதே சாரி. நமக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகுகிற சளி அவற்றுக்கு உயிர் போகிற நோய் ஆகலாம், மொத்தக் குடும்பத்துக்கும் பரவலாம். இது எனக்குத் தெரியாததா? படத்துக்காக நான் எழுதிய குறிப்பிலேயே இருக்கிறது. கேட்கும்போதே சொல்லி விலகியிருந்தால் பாதிப் பணம் திரும்பக் கிடைத்திருக்கும், பிடிபட்டால் கிடையாது என்று ஏஜென்டின் ஆள் ஓரமாக வந்து சொன்னார். 800 டாலர், கிட்டத்தட்ட 69 ஆயிரம் ரூபாய். ஒரு இருமல்.

கேமராவைத் தம்பி கழுத்தில் மாட்டினேன். அவன் வாழ்நாளில் மைக்கைத் தவிர எதையும் பிடித்தவன் இல்லை. "அண்ணே, எந்த பட்டனை அமுக்கணும்?" என்றான். சிவப்பு என்றேன்.

மாலை 4 மணிக்கு இடுப்பு வரை சேறோடு வந்தான். மூன்று மணி நேரம் ஏற்றம், நடுவில் ஜூன் மாதம் வறண்ட காலம் என்பதை மறந்துவிட்ட ஒரு மழை. 20 டாலர் கொடுத்துப் போர்ட்டர் வைக்கச் சொல்லியிருந்தேன், இல்லையென்றால் வந்திருக்கவே மாட்டேன் என்கிறான். "பின்னாலிருந்து தள்ளினார் அண்ணே, கையைப் பிடித்து இழுத்தார், ஒரு இடத்தில் தூக்கியே வைத்தார்." நடக்க முடியாதவர்களை நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் மாற்றி மாற்றிச் சுமப்பதும் உண்டு, அதற்கு இங்கே பெயர் ஹெலிகாப்டர். அவர்கள் குழுவில் ஒரு அமெரிக்கப் பாட்டி அப்படித்தான் போய், அப்படியே இறங்கினாராம், சேறே படாமல்.

அவன் எடுத்ததைப் பார்த்தேன். 40 நிமிஷம் இலை. ஃபோகஸ் முன்னால் இருக்கிற இலைக்கே ஓடுகிறது, பின்னால் ஏதோ கறுப்பாக மூச்சு விடுகிறது.

ஜூன் 18, புதன். வாழைத்தண்டு

நடக்கிற அளவுக்குத் தெம்பு இருந்ததால் கிராமத்துக்குள் போனேன். ஒருபக்கம் தேயிலைத் தோட்டம், அது முடிந்த இடத்தில் வேலி எதுவும் இல்லாமல் காடு. வால்பாறை பார்த்தவர்களுக்கு அந்த விளிம்பு பழக்கமாக இருக்கும், அங்கே யானை, இங்கே கொரில்லா.

ஹ்யூகோ என்று ஒரு தன்னார்வலர் குழு இருக்கிறது. கொரில்லா தோட்டத்துக்குள் வந்தால் மணி அடித்து, சத்தம் போட்டு, அடிக்காமல் காட்டுக்குள் திருப்பி அனுப்புவது அவர்கள் வேலை. அதில் இருக்கிற ஒரு பெரியவர், வயது அறுபதுக்கு மேல், ரப்பர் பூட்ஸ், தன் வீட்டுப் பின்னால் கூட்டிப் போனார். எட்டு வாழை மரம் சாய்ந்து கிடந்தது. கொரில்லாவுக்குத் தாரில் அக்கறை இல்லையாம். பட்டையை நீளவாக்கில் உரித்து எறிந்துவிட்டு நடுத்தண்டை மட்டும் தின்றிருக்கிறது. உரித்த மட்டைகள் ஒரு பக்கமாக ஒழுங்காகக் கிடந்தன, மிச்சம் விட்டுப் போன ஒரு முழத் தண்டில் பல் பட்ட இடம் பழுப்பாகிக்கொண்டிருந்தது, அதிலிருந்து நூல் தொங்கியது. எங்கள் ஊரிலும் இதைத்தான் சாப்பிடுவோம், மோரில் நறுக்கிப் போட்டு நூல் எடுப்போம் என்று சைகையில் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டு அதைச் சொன்னார், இரண்டு பேரும் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

அப்புறம் நான் இருமினேன், அவர் சிரிப்பை நிறுத்தினார். தோட்டத்தில் சோளக்கொல்லை பொம்மைக்குப் பழைய துணி போடக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள், தெரியுமா என்றார். தெரியும். 1996-இல் இங்கே கொரில்லாக்களுக்கு முடி கொட்டிச் சொறி பிடித்தது, ஒரு குட்டி செத்துப் போனது. அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-ஸிகுசோகா அது மனிதர்களின் சொறி என்று கண்டுபிடித்தார், பொம்மைக்குப் போட்ட அழுக்குத் துணியிலிருந்து போயிருக்க வேண்டும் என்று. ஊர் ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்காமல் கொரில்லாவுக்கு வைத்தியம் பார்த்துப் பிரயோஜனம் இல்லை என்று அவர் பின்னால் ஒரு அமைப்பே ஆரம்பித்து நடத்துகிறார். புத்தகத்தில் படித்தபோது நல்ல ஒரு காட்சி என்று குறித்து வைத்தேன். சாய்ந்த வாழைக்குப் பக்கத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டபோது அப்படித் தோன்றவில்லை.

மதியம் லாட்ஜில், பட்வா மக்களின் ஆட்டம் பார்க்க டிக்கெட் வேண்டுமா என்று கேட்டார்கள். இந்தக் காட்டிலேயே வாழ்ந்தவர்கள், 1991-இல் தேசியப் பூங்கா ஆனபோது வெளியே அனுப்பப்பட்டவர்கள். இப்போது வெளியூர்க்காரர்களுக்குத் தேன் எடுப்பது போல நடித்துக் காட்டுகிறார்கள். அந்தக் காசு அவர்களுக்குத் தேவை என்கிறார்கள், சரிதான். நான் போகவில்லை. ஜனவரியில் படத்துக்கு என்று கேமராவோடு போய் நிற்கும்போது என்ன சொல்லப் போகிறேன் என்பது வேறு விஷயம்.

ஜூன் 19, வியாழன். கை தூக்கிய கதை

சளி பரவாயில்லை. காய்ச்சல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை, இருமல் மணிக்கு ஒன்று. சிரப் குடித்துவிட்டு, மாஸ்க்குக்கு மேல் மாஸ்க் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். வேறு ரேஞ்சர், என்னைத் தெரியாது. யாருக்காவது சளி உண்டா?

கை தானாக உயர்ந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் பக்கத்தில் நின்ற தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தான், அவ்வளவுதான். நான் கையைத் தூக்கினேன். பாதிப் பணம், 400 டாலர், திரும்ப வரும் என்கிறார்கள். வந்தால் எழுதுகிறேன்.

இந்த முறை தம்பிக்கு ஆட்டோஃபோகஸை அணைத்து, வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் குறைத்துக் கொடுத்து அனுப்பினேன். ருஷேகுரா குடும்பம் நாற்பது நிமிஷத்திலேயே கிடைத்துவிட்டது. ராத்திரிக்கு ராத்திரி புதுக் கூடு கட்டிப் படுக்கிறவை, விடிவதற்குள் டிராக்கர்கள் நேற்று விட்ட இடத்துக்குப் போய், கூட்டைப் பார்த்து, சாணம் பார்த்து, அங்கிருந்து தடம் பிடித்து ரேடியோவில் சொல்லிவிடுகிறார்கள். உண்மையான வேலை அதுதான், சம்பளம் வாங்கிக்கொண்டு இதைத் தினமும் செய்கிறவர்கள் படத்தில் இல்லாவிட்டால் படமே பொய்.

தம்பி எடுத்ததில் ஒரு இரண்டு நிமிஷம் இருக்கிறது. முதுகு வெளுத்த ஆண் ஒன்று மல்லாந்து கிடக்கிறது. ஒரு கையால் முள்செடித் தண்டை வாய்க்குக் கொண்டுபோய், இலையை உதட்டால் உருவி, தண்டைத் தூக்கிப் போடுகிறது. விரல் நகம் நம் நகம் மாதிரியே, ஓரத்தில் மண். குட்டி ஒன்று கொடியிலிருந்து அதன் வயிற்றில் விழுகிறது, அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை, பெரிதாக ஒரு சத்தத்தோடு வாயு விடுகிறது, எடுத்தவன் சிரித்ததில் ஃபிரேம் ஆடுகிறது. ஆடினாலும் பரவாயில்லை, அது படத்தில் இருக்கும்.

மாலை டைரக்டருக்குப் போன். மற்ற சுற்றுலாப் பயணிகளின் செல்போன் ஃபிரேமுக்குள் வருகிறது, ஒரு மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது. தெற்கே ருஷாகாவில், இன்னும் மனிதர்களுக்குப் பழகி முடிக்காத குடும்பத்தோடு நான்கு மணி நேரம் இருக்கலாம், நான்கு பேருக்குத்தான் இடம், தலைக்கு 1,800 டாலர். டைரக்டர், நான், தம்பி, உதவியாளர், கணக்கு சரியாக நான்கு. இரண்டு நாளுக்கு 14,400 டாலர், படப்பிடிப்புக் கட்டணம் தனி. அந்தப் பக்கம் அமைதி. பிறகு, "யாருக்காவது சளி பிடித்தால்?" என்றார். அதற்காக இன்னொரு கேமராமேனையும் அழைத்து வர வேண்டும் மேடம் என்றேன், என் வாயாலேயே.

ஜூன் 20, வெள்ளி. திரும்பும் வழி

அதே செம்மண், அதே ஹம்ப்ஸ். லுகாயாவில் கோன்ஜா நான்கு குச்சி. டிரைவர் வழியில் ஒரு கடையில் நிறுத்தி, நான் கேட்காமலேயே இஞ்சி டீ வாங்கி வந்தார், காசு வாங்க மாட்டேன் என்றார்.

தம்பி ஹெட்போன் மாட்டிக்கொண்டு நேற்றைய ஒலியைக் கேட்டுக்கொண்டே வந்தான். ஒரு மணி நேரமும் "ம்ம்… ம்ஹ்ம்ம்" என்று தொண்டையைக் கனைக்கிற சத்தம். பயப்படாதே, நாங்கள்தான் என்று ரேஞ்சர்கள் கொரில்லா பாஷையில் சொல்வது அது, கொரில்லாவும் அதையேதான் திருப்பிச் சொல்கிறது. எது யார் என்று அவனுக்கே பிரிக்கத் தெரியவில்லை, ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திக் கேட்டான். அப்புறம் ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தான். இலைச் சத்தம், ஈ, தூரத்தில் யாரோ மூச்சு வாங்குவது. திடீரென்று பக்கத்தில் கட்டையாக, வறட்சியாக ஒரு இருமல்.

"யாருடா அது, வரிசையில் தப்பித்துப் போனவன்?"

"ஆள் இல்ல அண்ணே. அந்தப் பெரிய ஆண் கொரில்லா. கொஞ்சம் தள்ளிப் போ என்று அர்த்தமாம், ரேஞ்சர் சொன்னார்."

சிரிக்க ஆரம்பித்தேன், அது இருமலாக மாறி நிற்கவே இல்லை. முன்னால் ரோட்டைப் பார்த்தபடியே டிரைவர் சொன்னார், "சாரி, சார்."